“தண்ணி திறந்திட்டாங்களே, பிள்ளை?”: ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கும் பெற்றோரோடு இருப்பது

ஐயாவுக்கு 81 வயது. மறதி நோய். காலையில் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருத்திவிட்டுத் தேத்தண்ணி கொடுப்பேன். ஒரு மிடறு குடிப்பார். “பிள்ளை, தண்ணி திறந்திட்டாங்களே?” என்று கேட்பார். வயலுக்கு வரும் இரணைமடுக் குளத்துத் தண்ணியைத்தான் கேட்கிறார். “இன்னும் இல்லை ஐயா, சிறுபோகக் கூட்டம் முடியத்தான் திறப்பினம்” என்பேன். தலையை ஆட்டுவார். இன்னொரு மிடறு. “பிள்ளை, தண்ணி திறந்திட்டாங்களே?”

ஒருநாள் அந்த ஒரு கோப்பை முடிவதற்குள் ஒன்பது தரம் கேட்டார். எண்ணியது நான்தான். எண்ணத் தொடங்கிய அன்றே எனக்கு எரிச்சலும் தொடங்கிவிட்டது என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

எங்கள் வயல் உருத்திரபுரத்தில், எட்டாம் வாய்க்காலில். ஐயா மண்வெட்டியைக் கீழே வைத்து ஆறு வருடம். வயலை இப்போது வேறொருவர் குத்தகைக்குச் செய்கிறார். தண்ணி திறந்தாலும் திறக்காவிட்டாலும் ஐயாவுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. அப்படியிருக்க ஏன் இதையே கேட்கிறார்? ஏன் என் பதில் அவரிடம் நிற்கவில்லை? இந்த இரண்டையும் விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. புதிதாக இந்த நிலைக்கு வந்திருப்பவர்களுக்கு அவ்வளவு காலம் பிடிக்கத் தேவையில்லை என்றுதான் இதை எழுதுகிறேன்.

நம் ஊரில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: “அறளை பேந்திட்டுது.” சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்தச் சொல்லில் எனக்கு ஒரு மனத்தாங்கல். வயது போனால் எல்லோருக்கும் இப்படித்தான், செய்ய ஒன்றுமில்லை என்று அது கதவைச் சாத்திவிடுகிறது. வயது போனால் பெயர் மறக்கும், கண்ணாடியை வைத்த இடம் மறக்கும். அது வேறு. ஐந்து நிமிடத்துக்கு முன் சாப்பிட்டதே இல்லாமல் போவது மூளையில் வரும் நோய். டிமென்ஷியா என்பது அப்படியான பல நோய்களுக்கு ஒரு பொதுப்பெயர். காய்ச்சல் என்று சொல்வது போலத்தான். காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம், எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். இதற்குள் கூடுதலாகக் காணப்படுவது அல்சைமர் நோய். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி நூற்றுக்கு 60 முதல் 70 பேருக்கு அதுதான் காரணம். பிரஷரும் சீனி வருத்தமும் மூளையின் இரத்தக் குழாய்களைக் கெடுத்து வருவது இன்னொரு வகை. இரண்டும் சேர்ந்தும் வரும்.

மூளையின் இரு பக்கத்திலும், காதுக்கு உட்புறமாக, ஹிப்போகம்பஸ் என்று ஒரு சிறிய பகுதி இருக்கிறது. கிரேக்கச் சொல்; கடற்குதிரை என்று பொருள். வெட்டிப் பார்த்தால் அந்த வடிவம்தானாம். இன்று நடந்ததை நாளைக்கு நினைவில் இருக்கும்படி எழுதிவைக்கிற வேலை அதனுடையது. அல்சைமர் நோய் ஆரம்பத்திலேயே தாக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. எழுதுகிற கை ஓய்ந்துவிடுகிறது, பழைய கொப்பிகள் மட்டும் அடுக்கில் இருக்கின்றன. அதனால்தான் ஐயாவால் 1970களில் எந்தெந்தப் போகத்துக்கு என்ன விதை போட்டோம் என்று சொல்ல முடிகிறது, காலையில் இடியப்பம் சாப்பிட்டதைச் சொல்ல முடியவில்லை.

மருத்துவ வரலாற்றில் இதற்கு ஒரு பிரபலமான மனிதர் இருக்கிறார். அமெரிக்கரான ஹென்றி மோலேசன். வலிப்பை நிறுத்துவதற்காக 1953ல் அவருடைய மூளையில் அறுவைச் சிகிச்சை செய்து, இருபக்க ஹிப்போகம்பஸின் பெரும் பகுதியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு 2008ல் இறக்கும்வரை புதிதாகச் சந்தித்த எவரையும் அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையப் பழக்கினார்கள். நாளுக்கு நாள் கை திருந்தியது. முந்திய நாள் பழகியதே அவருக்கு ஞாபகம் இல்லை. கைக்கு ஞாபகம் இருந்தது. இந்தக் கை விஷயத்தை மனதில் வைத்திருங்கள், பிறகு பயன்படும்.

ஆக, ஒன்பதாவது கேள்வி எனக்குத்தான் ஒன்பதாவது. ஐயா அதை முதல் தரமாகத்தான் கேட்கிறார். “இப்பதானே சொன்னனான்!” என்று நான் கத்தும்போது, அவருக்குத் தெரிவது இவ்வளவுதான்: ஒரு சாதாரணக் கேள்வி கேட்டேன், மகள் ஏன் ஏசுகிறாள்?

சரி, அந்த ஏச்சையும் மறந்துவிடுவார்தானே என்று நினைப்போம். நானும் நினைத்தேன். அப்படியில்லை. அயோவாப் பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளர்களுக்குச் சோகமான படத் துண்டுகளையும் மகிழ்ச்சியான படத் துண்டுகளையும் காட்டிப் பார்த்தார்கள். 2014ல் அந்த ஆய்வு வெளிவந்தது. பார்த்தது என்ன என்று கேட்டால் பலருக்கு நினைவில்லை. ஆனால் அந்தச் சோகமும் மகிழ்ச்சியும் பார்த்ததை மறந்த பிறகும் அவர்களிடம் நின்றன. ஏன் கவலைப்படுகிறோம் என்று தெரியாமலே கவலையோடு இருந்தார்கள். காலையில் நான் ஏசிய நாட்களில் ஐயா மத்தியானம் சோற்றைத் தள்ளிவைப்பதும், வெளிக் கேற்றடியில் போய் நிற்பதும் ஏன் என்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. சொல்லைத் தொலைத்துவிட்டு, சொல்லின் சூட்டை வைத்திருந்திருக்கிறார்.

கேள்விக்குக் கீழே என்ன இருக்கிறது

முதலில் செய்ய வேண்டியது, ஒரு கிழமைக்குக் குறித்துவைப்பது. நான் சமையலறைக் கலண்டரின் பின்பக்கத்தில் எழுதினேன்: எந்த நேரம், எங்கே இருந்தார், அதற்கு முன் என்ன நடந்தது. எத்தனை தரம் என்று எழுதாதீர்கள். அது கோபத்தைத்தான் வளர்க்கும். ஒரு கிழமை முடிய ஒரு விஷயம் தெரிந்தது. தண்ணிக் கேள்வி வருவது காலை ஆறரைக்கும் ஒன்பதுக்கும் இடையில். அந்த நேரத்தில்தான் ஐம்பது வருடமாக அவர் மண்வெட்டியோடு வரம்பில் நின்றவர். கை சும்மா இருக்கிறது, உடம்புக்கு வேலை நேரம் என்று தெரிகிறது, வேலை எது என்று தெரியவில்லை. அந்த அந்தரம்தான் தண்ணியாக வாயில் வருகிறது.

அது விளங்கிய பிறகு பதிலை மாற்றினேன். கூட்டம், கலண்டர், ஏக்கர்க் கணக்கு எல்லாவற்றையும் விட்டேன். “இன்னும் இல்லை ஐயா. திறந்தால் நான்தான் முதல் வந்து சொல்லுவன்.” அவ்வளவுதான். குரலைத் தணித்து, முன்னால் வந்து முகத்தைப் பார்த்து, தோளில் கை வைத்து. குசினியில் இருந்து கத்தினால் ஒரு பிரயோசனமும் இல்லை. நீண்ட விளக்கம் கொடுத்தால், முடிவதற்குள் தொடக்கம் போய்விடும். பிறகு கச்சான் சுளகை மடியில் வைத்தேன். “ஐயா, இதை உடைச்சுத் தாருங்கோ, பின்னேரம் வறுக்க வேணும்.” கை தொடங்கிவிட்டது. கோதை நுனியில் அமத்தி, ஒரே நெரியில் பிளந்து, சொத்தையை ஊதி ஒதுக்கி வைக்கிற அந்த வேகம் எனக்கு வராது. அரை மணித்தியாலம் கேள்வி இல்லை.

ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேலை. கிடுகு பின்னியவருக்கு ஓலை கொடுக்கலாம், தையல்காரிக்குத் துணி மடிக்கக் கொடுக்கலாம். சங்கக்கடையில் இருந்தவருக்கு ஒரு பழைய பில் கொப்பியும் பேனையும் போதும். செய்ததில் பிழை பிடிக்கக்கூடாது. ஐயா சில நாள் பருப்பையும் கோதையும் ஒன்றாகப் போட்டுவிடுவார். பின்னேரம் நான் இருந்து பிரிப்பேன். வேலைக்கு மேல் வேலைதான், ஆனால் அந்த அரை மணித்தியாலத்தில் நான் சோறு வடித்து, குளித்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுகிறேன்.

இன்னொரு வழி, கேள்வியைத் திருப்பிக் கொடுப்பது. “உங்கட காலத்தில எப்பிடி ஐயா, இரவிலயும் தண்ணி கட்டப் போவீங்களோ?” அவ்வளவுதான், கடைவாய்க்காலில் நின்று முறைக்காகச் சண்டைபிடித்தது, பாம்பு மிதித்தது எல்லாம் வரும். கேட்ட கதைதான். ஆனால் கதை சொல்கிற ஐயாவும் கேள்வி கேட்கிற ஐயாவும் வேறு வேறு ஆட்கள். கதை சொல்லும்போது முகத்தில் தவிப்பு இருக்காது.

வாசிக்கக்கூடியவராக இருந்தால் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டலாம். “இன்று செவ்வாய். மகள் இரண்டு மணிக்கு வருவாள்.” நான் வெளியே போகும் நாட்களில் ஒரு வெள்ளைப் பலகையில் எழுதிவிட்டுப் போகிறேன். ஆனால் வரப்போகும் விஷயங்களை முன்கூட்டியே சொல்லாதீர்கள். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போவோம் என்று ஒருமுறை ஒரு கிழமைக்கு முன்பே சொல்லித் தொலைத்தேன். ஒரு கிழமையும் வேட்டி உடுத்துக்கொண்டு விடிய நான்கு மணிக்கே விறாந்தையில் இருந்தார். இப்போது வான் வந்து நின்ற பிறகுதான் சொல்வது.

பசி, மலச்சிக்கல், சிறுநீர் முட்டுவது, பல்வலி, இதெல்லாம் கேள்வியாக மாறும். சொல்லத் தெரியாத உடம்பு, தெரிந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொள்கிறது. நடுராத்திரியில் “தண்ணி திறந்திட்டாங்களே” என்றால் ஐயாவை முதலில் மலசலகூடத்துக்குக் கூட்டிப்போகிறேன். பத்துக்கு ஏழு தரம் அதுதான் விஷயம்.

“வீட்ட போவம்”

பின்னேரம் ஐந்து மணிக்கு மேல் கேள்வி மாறும். “எப்ப வீட்ட போறது?” வீட்டுக்குள் இருந்துகொண்டு கேட்பார். பொழுதுபடும் நேரத்தில் குழப்பம் கூடுவது இந்த நோயில் பொதுவானது. களைப்பும், மங்கல் வெளிச்சமும், நிழல்களும் சேர்ந்து செய்யும் வேலை. உலகம் முழுக்க டிமென்ஷியா வந்தவர்கள் இதைக் கேட்கிறார்கள். வன்னியில் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் கூடுதல் கனம் இருக்கிறது.

ஐயாவுக்கு எது வீடு? 1996ல் சண்டைக்குப் பயந்து விட்டுவிட்டு ஓடிய மண்வீடா? சமாதான காலத்தில் திரும்பி வந்து கட்டியதா? 2008ல் கூரைத் தகரத்தையும் கழற்றிக்கொண்டு டிரக்டரில் வெளிக்கிட்டோமே, அதா? மெனிக் பாம் அகதி முகாமில் இருந்த கூடாரமா? இப்போது இருப்பது வீட்டுத்திட்ட வீடு. அதே காணிதான், ஆனால் வாசல் வேறு பக்கம், தரைக்குச் சீமெந்து, கிணற்றடியில் நின்ற பலா இல்லை. அவருடைய பழைய கொப்பிகளில் இந்த வீடு எழுதப்படவே இல்லை. எனவே “இதுதானே ஐயா உங்கட வீடு!” என்று காணி உறுதியைக் கொண்டுவந்து காட்டினாலும் (ஒருநாள் காட்டினேன்) அவருக்கு அது நாம் செய்யும் ஏமாற்று மாதிரித்தான் படும்.

இப்போது நான் வாதாடுவதில்லை. “வீட்டை நினைக்குதோ ஐயா? அங்க என்ன நிண்டது?” என்று கேட்பேன். பலாவைச் சொல்வார். செருப்பைப் போட்டுக்கொண்டு படலையால் வெளிக்கிட்டு, ஒழுங்கையால் ஒரு சுற்று நடந்து, அதே படலையால் உள்ளே வருவோம். “வந்திட்டம்” என்பேன். பல நாட்களில் அது போதும். லைற்றையும் இருட்டுவதற்கு முன்பே போட்டுவிடுகிறேன்.

ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் “பங்கருக்குள்ள இறங்குங்கோ” என்பவர்கள் இங்கே ஒருவர் இருவர் இல்லை. சண்டை முடிந்து எவ்வளவு காலம் என்று அவர்களுக்கு வரலாற்றுப் பாடம் எடுக்காதீர்கள். உள்ளே கூட்டிவந்து, சுவரோடு பக்கத்தில் இருந்து, சத்தம் போகும்வரை கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இல்லாதவர்களைப் பற்றிக் கேட்கும்போது

அம்மா 2017ல் காலமானார். ஐயா “அம்மா எங்க?” என்று முதல் தரம் கேட்டபோது உண்மையைச் சொன்னேன். குலுங்கிக் குலுங்கி அழுதார். சரி, அழட்டும் என்று விட்டேன். அடுத்த கிழமை திரும்பக் கேட்டார், திரும்பச் சொன்னேன், அதே அழுகை. அன்றுதான் செத்தவீடு போல. ஒரு மனிதனுக்கு மனைவியின் சாவை எத்தனை முறை முதன்முதலாக அறிவிப்பது? மூன்றாம் முறை, “அம்மாவைத் தேடுதோ ஐயா?” என்று கேட்டேன். “ஓம்.” “எனக்கும்தான்.” பிறகு அம்மா வைக்கும் கணவாய்க் கறியைப் பற்றிக் கதைத்தோம். நான் பொய் சொல்லவில்லை. ஆனால் சிலருக்குச் சின்னப் பொய் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கும், அதற்காக உங்களை நீங்களே தண்டிக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு அம்மாவின் கேள்வி இன்னும் கடினம். “தம்பி வந்திட்டானே? சாப்பிட்டவனே?” மகன் 2009ல் காணாமற்போனவர்களில் ஒருவர். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி உறவுகள் வீதியோரம் போராட்டத்தைத் தொடங்கியபோது, நோய் வர முன்னர், இந்த அம்மாவும் படத்தைப் பிடித்துக்கொண்டு போய் இருந்தவர். பெற்றோர் இறந்தவரைத் தேடினால் என்ன சொல்வது என்று கையேடுகளில் இருக்கிறது. இறந்தாரா இருக்கிறாரா என்று நல்ல நினைவோடு இருக்கும் நமக்கே தெரியாத ஒருவரைத் தேடினால் என்ன சொல்வது என்று அவற்றில் இல்லை.

அவவின் மகள் கண்டுபிடித்த பதில் எனக்குப் பிடிக்கும். “இன்னும் வரேல்லை அம்மா.” அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அதற்குப் பிறகு, “வந்தால் என்ன கறி வைப்பம்?” என்று கேட்பா. தாய் இறாலும் முருங்கைக்காயும் என்பா. ஒரு கோப்பையில் சோறு எடுத்து மூடிவைப்பா. மகள் அதை மறிப்பதில்லை. முதலில் மறித்துப் பார்த்திருக்கிறா; அன்று முழுக்கத் தாய் ஒன்றும் சாப்பிடவில்லையாம்.

எப்போது டொக்டரிடம் ஓடுவது

மெல்ல மெல்லக் கூடுவது நோயின் போக்கு. ஒன்றிரண்டு நாளில் திடீரென்று கூடினால், பகலில் தூங்கி இரவில் அலைந்தால், ஆளே வேறு ஆளாகிவிட்டால், அதை நோயின் போக்கு என்று விட்டுவிடாதீர்கள்; வேறு ஏதோ இருக்கலாம். சிறுநீர்க் கிருமித் தொற்று, சளிக்காய்ச்சல், உடம்பில் நீர் குறைவது, சீனி இறங்குவது, இவை வயதானவர்களில் காய்ச்சலே காட்டாமல் குழப்பமாக மட்டும் வெளிவரலாம். சித்திரை வெயிலில் நீர் குறைவது நம் பக்கம் சாதாரணம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு எடுங்கள்; அந்த அம்புலன்ஸ் இலவசம்.

தடிமனுக்குக் கடையில் வாங்கும் பிரிற்றன் குளிசையும் வயதானவர்களின் குழப்பத்தைக் கூட்டக்கூடியது. கேட்காமல் கொடுக்காதீர்கள். தொல்லை தாங்காமல் நித்திரைக் குளிசை கொடுப்பதும் அப்படித்தான். இரவில் எழுந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வார்கள். கேள்வியை நிறுத்தும் குளிசை என்று ஒன்று கிடையாது.

இன்னும் ஒருதரமும் காட்டவே இல்லை என்றால், ஒருமுறை கிளினிக்கில் காட்டுங்கள். தைரொயிட் குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு எல்லாம் மறதி நோய் மாதிரியே வேஷம் போடும், அவற்றுக்கு வைத்தியம் இருக்கிறது. காதையும் பாருங்கள். பதில் கேட்கவே இல்லை என்றால் திரும்பக் கேட்கத்தானே செய்வார்?

அப்புறம், கேள்வி கேட்கப்படுகிறவர்

பொறுமை தீரும். தீராது என்று சொல்கிறவர்கள் பகல் முழுக்கக் கூட இருந்து பார்க்காதவர்கள். எனக்குத் தீர்ந்தால் கிணற்றடிக்குப் போய்விடுவேன். ஐயா இருக்கிற இடம் பாதுகாப்பு என்றால் ஐந்து நிமிடம் ஒன்றும் ஆகாது. இரண்டு வாளி அள்ளி முகத்தில் ஊற்றிவிட்டு வருவேன். ஒருநாள் கோப்பையைச் சுவரில் எறிந்திருக்கிறேன். கை ஓங்கிவிடுமோ என்று பயம் வந்தால் அன்றே யாரிடமாவது சொல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது. கிழமையில் ஒரு பின்னேரமாவது வேறொருவர் வந்து இருக்க ஏற்பாடு செய்யுங்கள். கேட்டால்தான் வருவார்கள். “நான் பார்த்துக்கொள்ளுவன்” என்று எல்லோரையும் அனுப்பிவிட்டுப் பிறகு ஒருவரும் வரவில்லை என்று அழுதவள் நான்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரங்களுக்கு ஒரு வார்த்தை. கனடாவில் இருந்து அண்ணா எடுப்பார். போனில் முகத்தைக் காட்டி, “ஐயா, நான் ஆர் சொல்லுங்கோ பாப்பம்?” என்பார். ஐயா முழிப்பார். அண்ணா பெயர்களை அடுக்குவார். ஐயாவின் முகம் பரீட்சையில் மாட்டிய பிள்ளையின் முகமாகிவிடும். பிறகு பகல் முழுக்கத் தண்ணிக் கேள்வி. அண்ணாவோடு சண்டை பிடித்துத்தான் அதை நிறுத்தினேன். “பெயரைக் கேளாதை. நீயே சொல்லு, ‘ஐயா, நான் மூத்தவன் கதைக்கிறன்’ எண்டு. பிறகு நெல்லைப் பற்றிக் கேள்.”

போன ஞாயிற்றுக்கிழமை அப்படியே செய்தார். ஆட்டக்காரி நெல் எத்தனை மாதப் பயிர் என்று கேட்டார். இருபது நிமிடம் ஐயா விடவில்லை. விதைப்பு, களை, பன்றிக்காவல், சூடடிப்பு, எல்லாம். அண்ணா ஓம் ஐயா, ஓம் ஐயா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். போனை வைத்த பிறகு ஐயா என் பக்கம் திரும்பினார். முகம் முழுக்கச் சிரிப்பு.

“ஆர் பிள்ளை அது? நல்ல பெடியன்.”